ஒன்றுக்கு இரண்டு: பாலக்காட்டு எல்லையில் வறட்சியும் வெள்ளமும் தாங்கும் வெள்ளாமைக்கும் விற்பனைக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் எங்கள் தக்காளிச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேற்கே ஊர் ஊராக மிதந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் மேட்டுக்காட்டில் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிட்டது. மூன்றாம் பறிப்பு, குண்டு குண்டான காய். பறித்துப் பெட்டி கட்டிய பிறகுதான், திருச்சூர் ரோடு அடைபட்டுக் கிடக்கிறது, வண்டி வராது என்று போன் வந்தது. மூன்றாம் நாள் பெட்டிக்கு அடியில் தண்ணீர் கசிந்தது. ஐந்தாம் நாள் அத்தனையும் எருக்குழிக்குப் போயிற்று.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் அடி வேறு பக்கமிருந்து விழுந்திருந்தது. 2016இல் தென்மேற்கும் வடகிழக்கும் ஒன்றாகப் பொய்த்தன. மாசி பிறக்கும் முன்பே போர்க்கிணறு காற்று வாங்கியது, தென்னையில் குரும்பை கொட்டியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. எங்களிடம் எல்லாமே ஒவ்வொன்றுதான் இருந்தன: ஒரு போர், ஒரு பயிர், ஒரு மண்டி, ஒரு ரோடு. அந்த ஒன்று போனதும் எல்லாம் போயிற்று. வெயிலையும் மழையையும் நம்மால் திருப்ப முடியாது. எது ஒன்றாக இருக்கிறதோ அதை இரண்டாக்க முடியும். வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், ஆனைமலை, கிணத்துக்கடவு என்று எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இரண்டு முதல் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் படிக்குச் செலவே இல்லை, ஆனால் மற்ற எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன.

முதல் படி: ஒரு நோட்டு, ஒரு மழைமானி

வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை மரநிழல் படாத இடத்தில், கல்லை அண்டக்கொடுத்து வையுங்கள். காலை 8.30 மணிக்கு ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தால் அதுதான் முந்தின நாள் மழை, மில்லிமீட்டரில். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் 4,047 லிட்டர். அதாவது 25 மில்லிமீட்டர் மழை உங்கள் ஒரு ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. இந்தக் கணக்கு மனதில் ஏறிவிட்டால் மழையைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

செல்போனில் வானிலை வருகிறதே, நாமே ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம். பாலக்காடு மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் அது நெல்லியாம்பதி மலைக்கும் சேர்த்துச் சொல்வது. நம்முடையது மழைமறைவுப் பக்கம், சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம். அங்கே கொட்டும் நாளில் இங்கே புழுதி அடங்காமல் இருந்திருக்கிறது. உங்கள் காட்டு மழை உங்கள் நோட்டில்தான் இருக்கும். மழையோடு விதைத்த நாள், பூத்த நாள், பூச்சி தெரிந்த நாள், பறித்த எடை, விற்ற விலை எல்லாவற்றையும் அதிலேயே எழுதுங்கள். இரண்டு வருட நோட்டு இருந்தால், எந்த மாதத்தில் என்ன ஆபத்து என்று கேட்க வேறு ஆளிடம் போக வேண்டியதில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் சரக்கின் பாதையை வரையுங்கள். விதை எங்கிருந்து வருகிறது, நாற்று யார் தருகிறார், தண்ணீர் எங்கிருந்து, பறிக்க யார் வருவார்கள், வண்டி யாருடையது, எந்தச் சோதனைச்சாவடி, எந்த மண்டி, பணம் எத்தனை நாளில். ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ள இடத்தையெல்லாம் சிவப்பு மையில் சுழியுங்கள். எங்கள் பக்கத்தில் ஒன்பது சுழி விழுந்தது. ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய நினைக்காதீர்கள், கடன்தான் மிஞ்சும். வருடத்துக்கு இரண்டு சுழி போதும்.

இரண்டாம் படி: மண்ணைத் தொட்டியாக்குவது

கேரளத்தில் கரிசல் மண் இருப்பது சித்தூர் தாலுக்காவில்தான். அது தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், கனமழையில் குழம்பாகி வேரை மூச்சுமுட்ட வைக்கும். செம்மண் இதற்கு நேர் எதிர், ஊற்றியதெல்லாம் ஓடிவிடும். இரண்டுக்குமே மருந்து மக்கு உரம்தான்.

பொள்ளாச்சி வட்டாரம் கயிற்று மில்கள் நிறைந்தது. தென்னைநார்க் கழிவு தன் எடையைப்போல் ஐந்து மடங்கு ஈரத்தைப் பிடிக்கும். அதைப் பச்சையாகப் போடாமல் மக்கவைத்துப் போடுங்கள். தென்னைக்குத் தேங்காய் மட்டையே போதும்: மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து, நூறு மட்டைகளை முதுகு மேலே பார்க்கக் கவிழ்த்து அடுக்கினால் அதுவே மூடாக்கு. குழியில் புதைப்பதென்றால் குழிந்த பக்கம் மேலே பார்க்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் நிற்கும். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு, மட்டை போட்டும் பலனில்லை என்கிறார்கள்.

காய்கறிக் காட்டில் இரண்டு வெள்ளாமைக்கு நடுவே நாற்பத்தைந்து நாள் கிடைத்தால் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள்.

மூன்றாம் படி: இரண்டாவது தண்ணீர்

எல்லைக்கு இருபுறமும் நம் பாசனம் ஒரே திட்டத்தின் பிள்ளை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்து நடப்பில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. அதன்படி எல்லையோர மணக்கடவு தடுப்பணையில் அளந்து சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் திருமூர்த்தி அணைப் பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். மழை குறைந்த வருடத்தில் இரண்டு மாநிலமும் ஒரே அணையைப் பார்த்துத்தான் நிற்கும். அந்த வருடத்தில் வாய்க்கால் தண்ணீரையும் போரையும் மட்டும் நம்பியவர் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் வாய்க்கால் ஓடாவிட்டால் போரும் ஊறாது. பெயருக்கு இரண்டாக இருந்தாலும் அவை ஒரே தண்ணீர்.

உண்மையான இரண்டாவது தண்ணீர் பண்ணைக்குட்டை. மேல்வாய் 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர், கரை சரிவு ஒன்றுக்கு ஒன்று என்று வெட்டினால் சுமார் ஆறரை லட்சம் லிட்டர் நிற்கும். இடம் பத்து சென்ட் போகும். காட்டின் தாழ்ந்த மூலையில், மழைநீர் தானாக வந்து சேரும் இடத்தில் வெட்டுங்கள். தண்ணீர் நுழையும் வாயில் சின்னதாக ஒரு வண்டல் குழி அவசியம், இல்லாவிட்டால் மூன்று வருடத்தில் குட்டை மேடாகிவிடும். நிரம்பினால் வழிந்தோட ஒரு போக்கும் வேண்டும். செம்மண்ணில் 500 மைக்ரான் பிளாஸ்டிக் தாள் விரித்தால்தான் தண்ணீர் நிற்கும். கரிசலில் களி சேர்ந்து தானே அடைத்துக்கொள்வதும் உண்டு, முதல் வருடம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெயில் காலத்தில் நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானாலும் 2,000 லிட்டர் போகிறது. ஆகவே குட்டைத் தண்ணீரைச் சித்திரைக்குச் சேமித்துவைக்கப் பார்க்காதீர்கள். கார்த்திகைக்குப் பிறகு மழை விட்டதும் முதலில் அதை எடுங்கள், போரைக் கடைசிக்கு வையுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்து ஒரு வருடம் முழுக் குட்டையையும் வெயிலுக்குக் கொடுத்தோம்.

அடுத்தது சொட்டுநீர். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு நூறு சதம் மானியம், மற்றவர்க்கு 75 சதம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி தென்னைக்குப் பிப்ரவரி முதல் மே வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர். கடும் பஞ்சத்தில் 22 லிட்டர் வரை குறைக்கலாம், மரம் பிழைத்துக்கொள்ளும். இந்த இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, தை மாதமே கிணற்றை அளந்து, எத்தனை மரத்துக்கு எத்தனை லிட்டர் என்று பங்கு போடுங்கள். தண்ணீர் தீர்ந்த பிறகு போடும் பங்கினால் பயனில்லை. தென்னையின் பாளை கண்ணுக்குத் தெரிவதற்கு வெகுமுன்பே உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஒரு வருடம் பட்ட வறட்சி அடுத்த இரண்டு மூன்று வருடக் காயிலும் தெரியும்.

புதுப் போர் போடுவதை நான் இந்தப் படியில் சேர்க்கவில்லை. நீங்கள் ஆயிரம் அடி போனால் பக்கத்துக் காட்டுக்காரர் ஆயிரத்து இருநூறு போவார். அந்தப் பணத்தில் பாதியைக் குட்டைக்குக் கொடுங்கள்.

நான்காம் படி: பயிரும் நாளும்

தனித்தென்னை இனி ஆபத்து. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016இல் பொள்ளாச்சியில்தான் கண்டறியப்பட்டது. வறண்ட, வெப்பமான நாட்களில் அது பெருகுகிறது. கேரள வாடல் நோய் 1882இலேயே ஈராற்றுப்பேட்டைப் பக்கம் தெரிந்தது, இப்போது ஆனைமலைத் தோப்புகளிலும் நிற்கிறது. ஈக்கு விஷமருந்து அடிக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதைத் தின்று அழிக்கும் என்கார்சியா என்ற குளவி மருந்தில் முதலில் சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், ஏக்கருக்கு எட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாக் கஞ்சி தெளியுங்கள். காய்ந்து உரியும்போது பூசணமும் சேர்ந்து உதிரும். தோப்புக்குள் ஜாதிக்காயோ கோக்கோவோ மிளகோ ஏறினால் நிழலும் ஈரமும் கூடும், தேங்காய் விலை விழுந்த வருடத்தில் இன்னொரு கையும் இருக்கும்.

நேந்திரன் வாழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம்மில் பலர் விழுவது அங்கேதான். ஓணத்துக்குத் தார் வர வேண்டும் என்று எல்லோரும் புரட்டாசி, ஐப்பசியில் நடுகிறோம். தார் முற்றிக் கனக்கும் நேரமும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று சீறி வரும் நேரமும் ஒன்றுதான். ஒரே ராத்திரியில் தோட்டம் படுத்துவிடும். ஆகவே பாதியை மட்டும் ஓணத்துக்கு நடுங்கள், மறுபாதியை இரண்டு மாதம் தள்ளுங்கள். விலை கொஞ்சம் குறையும், ஆனால் காற்றடிக்கிறபோது அதில் தார் இருக்காது. மேற்கு, தென்மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை அகத்தியோ சவுக்கோ ஒரு வருடம் முன்னதாகவே நிற்க வேண்டும். வைகாசிக்குள் முட்டுக்கொடுத்து, மரத்துக்கு மரம் கயிறு இழுத்துக் கட்டிவிடுங்கள். காற்று கிளம்பிய பிறகு கம்பு தேடினால் கம்புக்கும் விலை ஏறியிருக்கும்.

காய்கறியில் ஒரே நாளில் முழு ஏக்கரையும் நடாதீர்கள். மூன்றாகப் பிரித்து, பதினைந்து நாள் இடைவெளியில் நடுங்கள். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. தக்காளிக்கு 35 டிகிரிக்கு மேலே போனாலே பூ உதிரும். ஒரு வாரம் அனல் அடித்தால் மூன்றில் ஒரு பங்கின் பூதான் போகும். சித்திரை வெயிலில் தக்காளியை விட்டுவிட்டு வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு பக்கம் போவது நல்லது. ஒரு ஓரமாவது கம்போ தீவனச்சோளமோ இருக்கட்டும். பஞ்ச வருடத்தில் மாட்டுக்கு வைக்கோல் வாங்கியே கை காலியாகும். தட்டை, அவரை, சோளத்தில் அடுத்த விதைப்புக்கு வேண்டிய விதையைச் சாம்பல் கலந்து வீட்டில் எடுத்துவையுங்கள். மழை தவறி மறுவிதைப்பு வரும்போது கடையில் விதை இருக்காது.

ஐந்தாம் படி: பறித்த பிறகு வரும் ஆறு மணி நேரம்

தக்காளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் பறிப்பிலிருந்து விற்பனைக்குள் வீணாகிறது என்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் லூதியானா நிறுவனம் 2015இல் கணக்கிட்டது. அது சாதாரண வருடத்துக் கணக்கு. வெயில் கூடக் கூட இது ஏறும். பயிருக்குச் செலவழித்த அக்கறையில் கால்பங்கை இங்கே காட்டினாலே பெரிய மிச்சம்.

வெயில் ஏறுமுன் பறித்து முடியுங்கள். பறித்ததை வரப்பில் குவிக்காமல் தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் கொண்டுபோங்கள். தொலைதூரம் போகும் தக்காளியைச் செங்காய்ப் பதத்தில் எடுங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் 14 கிலோ என்றால் 14 கிலோதான், மேலே குவித்து மூடி அமுக்கினால் அடியில் உள்ளது கசங்கும். ஒரு கசங்கல் பக்கத்துக் காயையும் கெடுக்கும்.

கரண்டு இல்லாத குளிர்தொட்டி ஒன்றைச் செங்கல்லில் கட்டிக்கொள்ளலாம். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. தரையில் ஒரு வரி செங்கல் பரப்பி, சுற்றிலும் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஆற்றுமணல் நிரப்பி, காலையும் மாலையும் நனைத்துவிட வேண்டும். மேலே ஈரச்சாக்கு மூடி, கூரை நிழல் இருக்கட்டும். வெளி வெயிலைவிட உள்ளே 10 முதல் 15 டிகிரி குறையும். நீளம் 165, அகலம் 115, உயரம் 67.5 சென்டிமீட்டர் தொட்டியில் நூறு கிலோ அளவு வைக்கலாம். கணவாய்க் காற்று வறண்டு வீசும் மாசி, பங்குனியில் இது அருமையாக வேலை செய்யும். ஆடி, ஆவணியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது, அப்போது அதை நம்பிச் சரக்கை நிறுத்திவைக்காதீர்கள்.

சின்ன வெங்காயத்துக்கு நம் ஊர்ப் பட்டறையே போதும். தாள் காயும்வரை நிழலில் உலர்த்திய வெங்காயத்தை, தரையிலிருந்து ஓரடிக்கு மேல் கல்லடுக்கி, மூங்கில் பரப்பி, நாலைந்து அடி அகலத்துக்கு மிகாமல் கொட்டி, மேலே கீற்று வேய்ந்துவிடுவது. காற்று குறுக்கே நுழைந்து வெளியேறும்படி நீளவாக்கை அமைத்தால் மூன்று மாதம் தாங்கும். அகலம் கூடினால் நடுவில் அழுகும். பட்டறையில் வெங்காயம் வைத்திருப்பவருக்கு ரோடு ஒரு வாரம் அடைபட்டாலும் தூக்கம் கெடாது. தக்காளி போடும் ஒவ்வொருவரும் கால் ஏக்கர் வெங்காயமும் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆறாம் படி: இரண்டு மண்டி, இரண்டு ரோடு

வேலந்தாவளம் காய்கறிச் சந்தை பக்கத்தில் இருப்பதால் எல்லாமே அங்கே போய்விடுகிறது. வாரத்தில் ஒரு லோடாவது பொள்ளாச்சிக்கோ கிணத்துக்கடவுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ அனுப்பிப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், விலை அன்றைக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் சரி. வெள்ளம் வந்த நாளில் முகம் தெரியாத மண்டிக்காரரிடம் சரக்கு இறக்கினால் விலை அவர் சொல்வதுதான். கோயமுத்தூர், பொள்ளாச்சி உழவர் சந்தை அட்டை தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் உள்ளவருக்கு ஒரு காப்பு. கேரளப் பக்கம் நிலம் உள்ளவருக்கு வேறொன்று: 2020 நவம்பர் 1 முதல் கேரள அரசு 16 விளைபொருளுக்கு அடிப்படை விலை அறிவித்தது. அறிவித்தபோது தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய், நேந்திரனுக்கு 30 ரூபாய். கிருஷி பவனில் (கேரள வேளாண் அலுவலகத்தில்) முன்கூட்டியே பதிந்தவருக்குத்தான் அது. நடவு முடிந்ததும் பதிந்துவிடுங்கள். படிவம் மலையாளத்தில் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டு நம் ஆட்கள் இழந்தது ஏராளம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை உட்காரவைத்து நிரப்புங்கள்.

ரோட்டுக்கும் இதே கதைதான். 2020 மார்ச்சில் எல்லை அடைபட்டபோது சின்னச் சின்ன ரோடுகள் மூடப்பட்டு, சரக்கு முக்கியமான சாவடிகள் வழியாகத்தான் போயிற்று. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று எந்த வழிக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வாடகை என்று நோட்டில் இருக்கட்டும்.

தனியாள் இரண்டு வண்டிக்காரரை வைத்துக்கொள்வது கஷ்டம். பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று பெரிதாகத் தொடங்குமுன், ஒரு வாட்ஸ்அப் குழுவில் தினமும் மூன்று மண்டி விலை போடுவது, வண்டியைப் பங்கு போடுவது, பெட்டிகளைப் பொதுவில் வாங்குவது என்று ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். சண்டை வராமல் தாக்குப்பிடித்தால் பிறகு பதிவு செய்யுங்கள். பொதுப் பட்டறை, தரம் பிரிக்கும் கொட்டகை கட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் இரண்டு கோடி வரையிலான கடனுக்கு 3 சத வட்டிச் சலுகை இருக்கிறது.

ஏழாம் படி: காப்பீடும் காகிதமும்

நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்துத் திட்டம்தான் பொருந்தும், நீங்கள் எங்கே குடியிருந்தாலும். தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல். கேரளத்தில் கரம் (நிலவரி) கட்டிய ரசீது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் நீங்கள் கட்டும் பிரீமியம், காப்பீட்டுத் தொகையில் காரிஃப் (மழைக்காலப்) பயிருக்கு 2 சதம், ராபி (குளிர்காலப்) பயிருக்கு 1.5, தோட்டப்பயிருக்கு 5. உங்கள் வயலில் மட்டும் விழுந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் சொல்ல வேண்டும். கேரளப் பக்கம் வானிலை அடிப்படையிலான காப்பீடும் நடக்கிறது. அது பெரும்பாலும் பக்கத்து வானிலை நிலையத்து அளவை வைத்துக் கணக்கிடுவது. உங்கள் நோட்டில் உள்ள மழை அளவை அந்த நிலையத்து அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால் பத்துப் பேர் நோட்டோடு போய்க் கிருஷி பவனில் பேசுங்கள்.

எட்டாம் படி: எச்சரிக்கை வந்தபின் 48 மணி நேரம்

மேகதூத் செயலியில் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிவுரை வரும். 64.5 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

ஆரஞ்சு தெரிந்த அன்றைக்கே செங்காய்ப் பதத்தில் உள்ளதைப் பறித்து, மேற்கே ரோடு அடைபடுமுன் கிழக்கே பொள்ளாச்சிப் பக்கம் அனுப்பிவிடுங்கள். வடிகால் வாயைத் திறந்து, குட்டையின் போக்கில் சேர்ந்த சருகை வாருங்கள். உரம், மருந்து எதுவும் அன்று வேண்டாம். மோட்டாரையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி மேட்டில் வையுங்கள். மாட்டின் கயிற்றைத் தளர்த்துங்கள். வயலை நான்கு மூலையிலிருந்தும் தேதியோடு போட்டோ எடுங்கள், சேதத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மழை விட்ட மறுநாள் காலை 8.30-க்கு முதலில் மழைமானியைப் பாருங்கள். நிரம்பி வழிந்திருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அதே நான்கு மூலையில் மறுபடி போட்டோ, பிறகு 14447. பாத்தியில் நிற்கும் தண்ணீரை வெட்டி விட்டுவிட்டு, சாய்ந்த வாழையில் தார் முக்கால் முற்றியதா என்று பாருங்கள். முற்றியிருந்தால் அன்றைக்கே வெட்டிச் சிப்ஸ் போடுபவரிடம் கொடுத்துவிடலாம். அவருடைய எண்ணை இப்போதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இன்னொருவர் எண்ணையும்.